வேர்ப்பாலத்துக்கு ஒரு கேமரா

"எதை எடுத்துட்டுப் போறதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் கோதண்டம்.

சுகந்தி மொட்டைமாடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எதிரே கடல்.

சுகந்தி குரு. கோதண்டம் சீடர்.

குருவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. சீடருக்கு ஓய்வூதியம் வரத் தொடங்கிவிட்டது. முதல் நாள் "குருவே" என்று கும்பிடப் போனவரை, "சார், நான் உங்க பொண்ணு வயசு" என்று சுகந்தி தடுத்துவிட்டார். அன்றிலிருந்து வாயால் கூப்பிடுவது மேடம். மனசுக்குள் குருவேதான்.

சுகந்தி ஒரே ஒரு கேமராவோடு பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் கடலோரமாகவே பேருந்தில் போய்ப் படம் எடுத்தவர். அந்தப் படங்கள் புத்தகமாக வந்தன. அதைப் பார்த்துவிட்டு அவர் இருக்கும் தரங்கம்பாடிக்கு ஆட்கள் தேடி வருவார்கள். வகுப்பு, பாடம் என்று எதுவும் அவரிடம் கிடையாது. வருகிறவர்களுக்கு ஏதாவது வேலை சொல்வார். பாதிப் பேர் அதோடு ஓடிவிடுவார்கள்.

கோதண்டம் ஓடுகிற ஆள் இல்லை. மயிலாடுதுறைக்காரர். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர். எந்தக் கம்பி எவ்வளவு தாங்கும் என்று ஆயுசு முழுக்கக் கணக்குப் போட்டவருக்கு உலகத்தில் எல்லாமே லோடுதான்.

அவர் பையைத் திறந்து பெட்ஷீட்டில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பெரிய கேமரா. அதைவிடப் பெரிய ஜூம் லென்ஸ். வைட் லென்ஸ். பூச்சி, பூ எடுக்கும் மேக்ரோ. ஃபிளாஷ். ஃபில்டர் டப்பாக்கள். சார்ஜர்கள். கடைசியாக, மூன்று கம்பிக்கால்களோடு ட்ரைபாட்.

பெட்ஷீட்டில் இடம் போதவில்லை.

"ஊர்வலமா வந்திருக்கீங்க" என்றார் சுகந்தி.

"அதான் மேடம் பிரச்சினையே. மேகாலயாவுக்குப் போறேன். அங்க வேர்ப்பாலம் இருக்கு."

"தெரியும்."

"ஆத்துக்கு இந்தப் பக்கம் இருக்கற மரத்தோட வேரை அந்தப் பக்கம் வரைக்கும் இழுத்து வளர்த்து, அதையே பாலமாக்கிருக்காங்க. இன்னும் வளந்துட்டே இருக்கற பாலம். என் வீட்டுக்காரிக்கு அதைப் பாக்கணும்னு அப்படி ஒரு ஆசை. கல்யாணமான புதுசுல ஏதோ வாரப் பத்திரிகையில படம் பாத்தா. அன்னையிலேருந்து சொல்லிட்டே இருந்தா. ரிடையர் ஆனதும் போகலாம்னேன். ஆயாச்சு. டிக்கெட் போடலாம்னு உக்காந்தா, நான் வரலேங்கறா."

சுகந்தி கடலை உரிப்பதை நிறுத்தினார்.

"ஏனாம்?"

"'நீங்க போய்ட்டு வாங்க. படம் எடுத்துட்டு வந்து காட்டுங்க.' அவ்வளவுதான் சொன்னா."

இதைச் சொல்லும்போது கோதண்டத்தின் குரல் இறங்கிப்போயிற்று. மனைவி மங்கை இல்லாமல் அவர் எங்கேயும் போனதில்லை. மங்கைக்கு ஆசையான இடத்துக்கு மங்கை இல்லாமல் போய் நின்று என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஏன்னு திருப்பிக் கேட்டீங்களா?"

"கேக்கணுமா? பைதான் மேடம். ஹம்பியில மலை ஏறுனப்ப ட்ரைபாடும் லென்ஸ் பையும் அவதான் தூக்கிட்டு வந்தா. வேர்ப்பாலம் வரைக்கும் வண்டி போகாது. படிக்கட்டு பள்ளத்துக்குள்ள இறங்கிட்டே இருக்குமாம். இறங்குனதை மறுபடி ஏறணும். அதான் மிரண்டுட்டா. லோடைக் குறைச்சுட்டேன்னா வந்துருவா."

"ஓ" என்றார் சுகந்தி. "குறைச்சுப் பாத்தீங்களா?"

பார்த்திருந்தார். நன்றாகவே பார்த்திருந்தார். சமையலறைத் தராசில் ஒவ்வொரு லென்ஸையும் வைத்து நிறுத்தார். கேமரா வாரில் மிச்சமாகத் தொங்கிய நுனிகளைக் கத்தரித்தார். அதுவும் போதாமல் பல் தேய்க்கும் பிரஷ்ஷின் பிடியைப் பாதியாக அறுத்தார். மங்கை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாராம்.

சுகந்தி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சொன்னார்.

"எல்லாத்தையும் பையில போடுங்க. தோள்ல மாட்டிக்கிட்டு அதோ தெரியற கோட்டை வரைக்கும் போய்ட்டு வாங்க. ரோட்டுல வேண்டாம். மணல்ல."

போனார். வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்ன பாத்தீங்க?"

"மணலைப் பாத்தேன். வேற எதைப் பாக்க முடியுது?"

"பையை இங்க வைங்க. இன்னொரு தடவை போய்ட்டு வாங்க."

"வெறுங்கையோடயா?"

"கையை வீசிக்கிட்டு."

இந்த முறை அவர் திரும்பிவர நேரமானது. மாடிப்படி ஏறும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

"அநியாயம் மேடம்! பீரங்கி மேல ஒரு ஆடு ஏறி நின்னு கடலையே பாத்துட்டிருக்கு. ஏதோ கப்பல் வரப்போகுதுங்கற மாதிரி கழுத்தை இப்படி நீட்டிக்கிட்டு. தாடி மட்டும் காத்துல ஆடுது. கையில கேமரா இல்லாமப் போச்சே!"

கழுத்தை நீட்டி ஆடு நின்ற மாதிரியே நின்று காட்டினார். மின்வாரியத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் பார்த்திருந்தால் நம்பியிருக்கமாட்டார்கள்.

"நல்லா எடுத்திருக்கீங்க" என்றார் சுகந்தி.

"நான் எங்க எடுத்தேன்?"

சுகந்தி மறுபடி கடலையை எடுத்துக்கொண்டார்.

"அப்போ கேமராவே வேண்டாங்கறீங்களா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"பின்னே?"

"சார், உங்க பஸ் போயிடும்."

*

அடுத்த வாரமும் வந்தார். பை பாதியாகியிருந்தது. ஃபிளாஷும் ஃபில்டர்களும் வீட்டில் தங்கிவிட்டன. ஜூம் லென்ஸை விட மட்டும் மனசு வரவில்லை.

சுகந்தி அதைக் கேமராவோடு வாங்கிக் கண்ணில் வைத்துக் கடலைப் பார்த்தார். கொஞ்சம் இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"அதோ அந்தப் படகுல ஒருத்தர் சாப்பிட்டுட்டிருக்கார்."

"தெரியுதா?"

"தெரியுது. என்ன கொழம்புன்னுதான் தெரியல."

லென்ஸைக் கழற்றி மூடித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

கோதண்டம் பதறினார். "தூரத்துல இருக்கறதை எப்படி எடுக்கறது?"

"தூரத்துல இருக்கறது தூரத்துலயே இருக்கட்டும் சார். சாப்பிடற மனுஷனை ஏன் தொந்தரவு பண்ணணும்?"

"ட்ரைபாட்?"

"எதுக்கு?"

"கை ஆடுமே."

சுகந்தி சுவரில் தோளைச் சாய்த்துக் காட்டினார். "இப்ப ஆடல."

"பாலத்துல சுவர் ஏது?"

"மரம் இருக்குமில்ல?"

"அது உயிரோட இருக்கற பாலமாச்சே மேடம். அதுல சாயலாமா?"

"கேட்டுட்டுச் சாயுங்க."

யாரைக் கேட்பது என்று கோதண்டம் யோசித்துக்கொண்டே நின்றார். சுகந்தி அதற்குள் பையின் அடியைத் துழாவி ஒரு சின்னக் கேமராவை வெளியே எடுத்திருந்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. லென்ஸைக் கழற்ற முடியாது, மாற்ற முடியாது. கிட்டே இழுக்காது, தள்ளியும் வைக்காது. கண் பார்க்கிற அளவுக்குத்தான் பார்க்கும்.

"இது ஏன் அடியில கிடக்கு?"

"மக வாங்கிக் குடுத்தா. பொம்மை மாதிரி இருக்கு. வெளிய எடுக்கக் கூச்சமா இருந்துச்சு."

"யார்கிட்ட கூச்சம்?"

கூடச் சுற்றுகிற போட்டோ நண்பர்களிடம்தான். அதைச் சொல்லவும் கோதண்டத்துக்குக் கூச்சமாக இருந்தது.

சுகந்தி அந்தக் கேமராவை அவர் சட்டைப் பையில் போட்டார். பை கொஞ்சம் தொங்கியது. அவ்வளவுதான்.

"இன்னொரு பேட்டரி மட்டும் வச்சுக்கங்க. குளிர்ல சீக்கிரம் இறங்கிடும். மழைக்கு ஒரு பிளாஸ்டிக் கவர். முடிஞ்சுது."

"இது போதுமா?"

"வெயிட் குறையணும்னு கேட்டீங்க. குறைஞ்சிடுச்சு."

"அப்போ மங்கை வந்துருவாளா?"

"அது எனக்கு எப்படி சார் தெரியும்?"

கோதண்டம் அவரையே பார்த்தார். குரு என்றால் ஏதாவது மறைத்து வைத்திருப்பார்கள் என்பது அவர் நம்பிக்கை. இந்தக் குருவின் முகத்தில் ஒன்றும் இல்லை. கடலைத் தோல் ஒன்றுதான் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு வேலை" என்றார் சுகந்தி. "எங்க போனாலும் இது கூட வரணும். கடைக்கு, கோயிலுக்கு, மாடிக்கு. வீட்டுக்குள்ளயும்தான். தோணினதை எல்லாம் எடுங்க. எதையும் அழிக்காதீங்க."

"நல்லா வராததையும் வச்சுக்கணுமா?"

"ஒண்ணையும் அழிக்காதீங்க."

*

கோதண்டம் சொன்னபடி செய்தார்.

சின்னக் கேமரா மார்க்கெட்டுக்குப் போனது. கீரைக்கட்டோடு ஒரே பையில் வந்து கொஞ்சம் ஈரமானது. மங்கைதான் அதைத் துண்டால் துடைத்து ஃபேனுக்குக் கீழே வைத்தார். முடிவெட்டும் கடைக்குப் போனது. கண்ணாடிக்குள் கண்ணாடியாக அவருடைய பின்மண்டையே பல தடவை விழுந்தது. தலைக்குப் பின்னால் எவ்வளவு வழுக்கை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

கேமரா இருப்பதே மறந்துபோனது. பேனா மாதிரி அது சட்டையோடு கிடந்தது. இந்தச் சுதந்திரம் அவருக்குப் புதிது. சந்தோஷமாக இருந்தது. கொல்லையில் முருங்கை பூத்திருப்பதைக்கூட அப்போதுதான் கவனித்தார். இத்தனைக்கும் அந்தப் பூவில் மங்கை பொரியல் செய்து பரிமாறி, அதை ஒரு கவளம் விடாமல் சாப்பிட்டிருந்தார்.

"பாரு, எவ்வளவு சின்னதா ஆக்கிட்டேன்!" என்று மங்கையிடம் காட்டினார்.

"நல்லா இருக்கு" என்றார் மங்கை.

"இனிமே நீ எதையும் தூக்க வேண்டாம்."

"சரி."

"அப்போ டிக்கெட் போட்டுடட்டுமா?"

"உங்களுக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டு மங்கை துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டார்.

கோதண்டம் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். லோடு குறைந்தும் லைன் தாங்கவில்லை என்றால் கோளாறு வேறு எங்கேயோ இருக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

*

"இன்னும் எதைக் குறைக்கறது மேடம்?"

மூன்றாவது தடவை வந்தபோது அவர் முகம் வாடியிருந்தது. சுகந்தி கேமராவைக் கை நீட்டி வாங்கினார். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

கீரைக்காரம்மா. பின்மண்டை. மழைநீர் சொட்டும் தகரக் கொட்டகை.

பிறகு ஒரு பெண். முருங்கை மரத்தடியில் நிற்கிறார். அடுத்தது முருங்கை மரம்.

அதே பெண். ஜன்னல் பக்கத்தில். அடுத்தது ஜன்னல்.

அதே பெண், வாசலில். அடுத்தது வாசல், மேலே ஒரு காக்காயோடு.

சுகந்தி தள்ளுவதை நிறுத்திவிட்டார்.

"இது யாரு?"

"மங்கைதான்."

"எல்லாத்துக்கும் முன்னாடி இவங்க படம் ஒண்ணு இருக்கே?"

"அதெல்லாம் படம் இல்ல மேடம்" என்று சிரித்தார் கோதண்டம். "லைட் பாக்க எடுத்தது. ஒரு ஆள் நின்னா முகத்துல வெளிச்சம் எப்படி விழுதுன்னு தெரியும், ஃபோகஸும் சரியா உக்காரும். பாத்துட்டு அவளை நகரச் சொல்லிட்டு எடுப்பேன். அப்புறம் இதை அழிச்சுடறது வழக்கம். நீங்கதான் எதையும் அழிக்கக் கூடாதுன்னுட்டீங்க."

"எப்பவுமே இப்படித்தானா?"

"கல்யாணமானதுலேருந்து. அவளுக்கு அத்துப்படி. எங்க நிக்கணும், எந்தப் பக்கம் திரும்பணும், எதுவும் சொல்லவே வேண்டாம்."

"அப்போ ஃபிலிம் காலமாச்சே. அந்தப் படங்களை எப்படி அழிச்சீங்க?"

"அப்ப கிளிக்கே பண்ண மாட்டேன். ஃபிலிம் வீணாகுமில்ல? நிக்க வச்சு, லைட் மீட்டரைப் பாத்துட்டு நகரச் சொல்லிடுவேன்."

சுகந்தி கேமராவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"வாங்க சார், வெளிச்சம் நல்லா இருக்கு. கொஞ்சம் படம் எடுப்போம்."

கோதண்டத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. இதுவரை குரு அவர் எதிரே ஒரு படம்கூட எடுத்ததில்லை.

கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் சுகந்தி நின்றார்.

"அங்க போய் நில்லுங்க சார்."

"நானா?"

"நீங்கதான்."

கோதண்டம் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். சீப்பை எடுத்து, இருக்கிற முடியை வாரினார். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார்.

"முகத்தைக் கொஞ்சம் கடல் பக்கம். மோவாயைத் தூக்குங்க. அப்படியே."

கிளிக்.

"நகருங்க."

நகர்ந்தார். சுகந்தி சுவரை எடுத்தார்.

அடுத்தது கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒரு படகு. "அதுக்குப் பக்கத்துல நில்லுங்க. கையை அதும் மேல வைங்க. சிரிங்க." கிளிக். "நகருங்க."

அடுத்தது ஒரு பழைய வீட்டின் கதவு. அதற்கடுத்து ஒரு பூவரச மரம். அதற்கடுத்து காயப்போட்ட வலை. ஒவ்வொரு இடத்திலும் கோதண்டம் முடியை வாரினார், வயிற்றை இழுத்தார், சிரித்தார். ஒவ்வொரு இடத்திலும் நகர்ந்தார்.

வலை உலர்த்தின மீனவர் ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "யாருங்க இது, நடிகரா?" என்று சுகந்தியிடம் கேட்டார்.

கோதண்டத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இந்தப் படங்களை மங்கையிடம் காட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டார். நல்லதாக ஒன்றைப் பெரிதாகப் போட்டுக் கூடத்தில் மாட்டவேண்டும். மங்கைக்கும் மகளுக்கும் பிடிக்கும்.

வெயில் ஏறியதும் பூவரச மர நிழலில் உட்கார்ந்தார்கள். அவரால் பொறுக்க முடியவில்லை.

"கொஞ்சம் காட்டுங்களேன்."

"எதை?"

"என் படத்தை."

சுகந்தி கேமராவை நீட்டினார். கோதண்டம் தள்ளித் தள்ளிப் பார்த்தார். சுவர். படகு. கதவு. மரம். வலை. மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"நான் எங்க மேடம்?"

"அழிச்சிட்டேன் சார். லைட் பாக்கத்தானே."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கையில் இன்னும் சீப்பு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தார்.

ஒரு காலை நேரம் நகர்ந்ததற்கே இப்படி வலிக்கிறதே, மங்கைக்கு? அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

எழுந்து நின்றார். சுகந்தி பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியை மட்டும் கையால் காட்டினார், அது அவருக்குத் தெரிந்த வழிதான் என்றாலும்.

*

மங்கை சமையலறை ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். சாயங்கால வெயில் கம்பி வழியாக விழுந்து அவர் கன்னத்திலும் கையிலும் கிடந்தது. பின்னால் ஆணியில் ஒரு சீப்பு வாழைப்பழம் தொங்கியது.

கோதண்டம் வாசற்படியிலேயே நின்றார். இந்த முகத்தை வெளிச்சத்துக்காக எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். நெற்றியோரம் இவ்வளவு நரைத்திருப்பது இப்போதுதான் கண்ணில் பட்டது.

சட்டைப் பையிலிருந்து கேமராவை எடுத்து உயர்த்தினார்.

மங்கை நிமிர்ந்தார். முகத்தை ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பினார். மோவாயை அளவாகத் தூக்கினார். கத்தியைப் பிடித்த கை அப்படியே நின்றது.

கிளிக்.

சத்தம் கேட்டதும் மங்கை எழுந்தார். பீன்ஸ் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நாற்காலியையும் இழுத்துக்கொண்டு, அடுப்புப் பக்கம் ஒதுங்கிப் போய் உட்கார்ந்தார்.

"எடுத்துக்கங்க" என்றார். "வாழைப்பழத்தைத்தானே?"

கோதண்டம் பழத்தைப் படம் எடுக்கவில்லை. கேமராவைக் கீழே இறக்கினார்.

"மங்கை."

"ம்."

"ஏன் வரலேன்னு சொன்ன?"

பீன்ஸ் நறுக்கும் சத்தம் நின்றது.

"பை கனமா இருக்கும்னு நெனச்சேன்" என்றார் கோதண்டம். "நானா நெனச்சுக்கிட்டேன். உன்னைக் கேக்கவே இல்ல."

"பையா?" மங்கை சிரித்தார். "கல்யாணமாகி வந்தப்ப தெருக்குழாயிலேருந்து இந்த வீட்டுக்கே தண்ணி தூக்குனவ நான். உங்க கம்பிக்கால் எனக்கு ஒரு கனமா?"

"பின்னே?"

மங்கை நறுக்கின பீன்ஸைத் தட்டின் ஒரு பக்கமாகத் தள்ளினார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அங்க போய் அந்தப் பாலத்து மேல நிப்பேன். கீழ தண்ணி ஓடும். எத்தனை வருஷத்து ஆசை. நீங்க கரையில நின்னு லைட்டைப் பாப்பீங்க. பாத்துட்டுக் கையை ஆட்டுவீங்க, நகருன்னு." தலையை ஆட்டினார். "இத்தனை ஊருலயும் நகர்ந்துட்டேங்க. ஒண்ணும் வருத்தமில்ல. அங்க மட்டும் என்னால முடியாது. மாட்டேன்னு சொல்லிடுவேன். அவ்வளவு தூரம் போய் ஊரான் பாக்க உங்ககூடச் சண்டை போடணுமா? அதுக்குத்தான் வரலேன்னேன்."

அடுப்பில் பால் பொங்கி வந்தது. மங்கை எட்டி அடுப்பை அணைத்தார்.

கோதண்டத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. ஃபிரிட்ஜ் மேலே கேமராவை வைத்தார். எட்டாமல் போகட்டும் என்று சுவர் ஓரமாகத் தள்ளினார்.

"இது இங்கயே கிடக்கட்டும். எந்தக் கேமராவும் வேண்டாம். நீயும் நானும் மட்டும் போவோம்."

மங்கை பதறிக்கொண்டு எழுந்தார். பீன்ஸ் தட்டு கவிழ்ந்து தரையெல்லாம் சிதறியது. அதைக்கூட அவர் பார்க்கவில்லை. குதிகாலைத் தூக்கி எட்டிக் கேமராவை எடுத்தார். முந்தானையால் அதன் கண்ணாடியைத் துடைத்தார்.

"வேண்டாமா?" என்றார். "அப்புறம் நான் பாலத்து மேல நிக்கறதை யாரு எடுக்கறதாம்?"